புளிக்காத திராட்சரசம்

1996 ஏப்ரல் 7, ஈஸ்டர் ஞாயிறு, காலை ஐந்து மணி ஆராதனை. திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க வந்திருந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். ரசம் கிடைத்தது பதினேழு பேருக்கு. பதினேழாவது ஆள் தவசிமணி, என் வீட்டுக்காரர்.

எழுதிக்கொண்டீர்களா தம்பி? எழுதிக்கொள்ளுங்கள். சபையின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு மலர் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் தங்கக்கனி அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருப்பீர்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சிரித்திருப்பார். சீயோன்விளை சபையில் ஒரு தடவை இடி விழுந்து கோபுரம் சரிந்தது, ஒரு தடவை காலராவில் பாதி ஊர் போனது. யாருக்காவது நினைவிருக்கிறதா? அந்த ஒரு கிண்ணம் மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வயலட் டீச்சரின் கிண்ணம். என் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

நான் சொல்வதைச் சொல்லுகிறபடியே போடுங்கள். முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தியவள் நான். தேதி தப்பாது.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் மதுவிலக்குக்காரி. சும்மா மேடைக்காக இல்லை. என் அப்பா பனையேறி. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் புளிப்பு ஏறாது, அவ்வளவுதான் விஷயம். அப்பா தினம் முப்பது பனை ஏறுவார். இருபத்தொன்பது கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவார். மிச்சம் இருந்த அந்த ஒரு கலயத்துக்கு என் அம்மா தினம் அடி வாங்கினாள். சுண்ணாம்பின் அருமை எனக்குத் தெரிந்த மாதிரி உங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவளைக் குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1976. கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போடுகிற வேலை, வாட்டசாட்டமான ஆள், நல்ல குரல், பாடகர் குழுவில் பாடுவார் என்றார்கள். குடிப்பார் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் குடித்தார். என் பள்ளிக்கூட ஆண்டு விழாவில், டி.இ.ஓ. பேசிக்கொண்டிருக்கும்போது, மேடைக்கு முன்னால் வந்து வேட்டி அவிழ விழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் மேடையில் இருந்தேன்.

1985 மே மாதம் கன்வென்ஷன் கூட்டத்தில் முன்னால் போய் முழங்கால் போட்டார். அதோடு விட்டார். விட்டார் என்று ஊர் சொல்லும். நானும் அப்போது நம்பினேன்.

இப்போது ஜாடிக்கு வருகிறேன். எங்கள் சபையில் திருவிருந்து ரசம் வெளியே வாங்குகிற வழக்கம் கிடையாது. ஆதியிலிருந்தே இங்கேயே போடுவதுதான். கோயில் பின்னறையில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி. கோயில்குட்டியார், அதாவது கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவர், அவர்தான் காலங்காலமாக ரசம் போட்டுவந்தார். 1988இல் அவர் இறந்துவிட்டார். அப்போதிருந்த ஐயர், எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் என்ன செய்தார் தெரியுமா? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜாடிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். "குடியை விட்டவன் கைதான் இதுக்குச் சரி, தவசிமணி. மத்தவனுக்கு இது வேலை. உனக்கு இது பயம்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு இவர் அழுதார். சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

எட்டு வருஷம் போட்டார். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு. துணி கட்டி இருபத்தொரு நாள். தினமும் பண்டகசாலை விட்டதும் நேரே போய் மரக்கரண்டியால் கிளறிவிட்டு வருவார். ருசி பார்க்க மாட்டார். ஜாடியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே குமுகுமு என்று சத்தம் வரும். "இன்னும் பேசுது" என்பார். சத்தம் நின்றதும் வடிகட்டுவார். ஊருக்கெல்லாம் அது பெரிய அதிசயம். "நாக்கிலே படாமலே பக்குவம் சொல்லுதாரே மனுஷன்!" நான் மட்டும் அதை வேறு மாதிரி பார்த்தேன். குடிகாரனுக்கு மணமே போதும், தம்பி. என் அப்பாவைப் பார்த்தவள் நான்.

அதனால்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். பகையினால் இல்லை. அதைத் தனியாகக் கோடு போட்டு எழுதுங்கள்.

1995 முழுவதும் படித்தேன். ஆதித் திருச்சபையில் ரசம் எப்படி இருந்தது, புளித்ததா, புளிக்காததா, யார் குடித்தார்கள், யார் விலகி இருந்தார்கள். பாளையங்கோட்டைக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நாற்பது பக்க நோட்டு. இதோ அலமாரியில்தான் இருக்கிறது, போகும்போது காட்டுகிறேன். தீமோத்தேயு தண்ணீர் மட்டும் குடித்து வாழ்ந்தவர். கொரிந்து சபையில் பந்திக்கே வெறித்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்காகப் பவுல் கடிந்து எழுதியிருக்கிறார். அப்புறம் ஆதி காலத்தில் ஒரு கூட்டமே இருந்திருக்கிறது. ரசமே வேண்டாம் என்று கிண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பந்தி நடத்தியிருக்கிறார்கள். என்ன சுத்தமான மனிதர்கள்! இதையெல்லாம் நான் சாயங்காலம் இவருக்கு வாசித்துக் காட்டுவேன். காட்ட வேண்டும் என்றுதான் வாசிப்பேன்.

ஒருநாள் கால்நகம் வெட்டிக்கொண்டே கேட்டார். "அந்தத் தண்ணிக்காரங்க கடைசியிலே என்ன ஆனாங்க?"

"கார்த்தேஜ் பட்டணத்துப் பேராயர் ஒருத்தர் அவங்களைப் பத்தி நீளமாக் கடிதம் எழுதியிருக்கார்" என்றேன்.

"பாராட்டியா?"

"கண்டிச்சு."

"சரி" என்றார். அவ்வளவுதான். அந்த 'சரி' இருக்கிறதே, அதில் எவ்வளவு நக்கல் இருந்தது என்று உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

இன்னொரு நாள், கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் ரசமாக மாறியதே, அது புதுச்சாறு, அன்றைக்குப் பிழிந்தது மாதிரி, கர்த்தர் கையால் புளித்தது வந்திருக்காது என்று வாசித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏ வயலட்டு, நீ சரித்திர டீச்சர். நான் எடை போடுதவன். ஒண்ணு கேக்கேன், கோவிக்காதே. பஸ்கா பண்டிகை எந்த மாசம் வருது?"

"பங்குனி."

"அந்த நாட்டிலே திராட்சை எப்போ அறுப்பாங்க?"

"ஆவணி, புரட்டாசி."

"அப்போ கடைசி ராத்திரி பந்தியிலே இருந்த ரசம் ஆறேழு மாசம் தோல் துருத்தியிலே கிடந்தது. அத்தனை மாசம் புளிக்காம எப்படியிருந்தது? அவங்க ஊர்லே பனை உண்டா, சுண்ணாம்பு தடவ?"

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. குடியை விட்டவன் பேசுகிற பேச்சா இது? குடிக்காகப் பேசுகிறான் என்றால், குடி உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், எழுதுங்கள்.

1996 ஜனவரி 14, சபைக் கமிட்டி. பன்னிரண்டு பேர். நான் மாதர் சங்கம் சார்பில் கமிட்டிச் செயலாளராக இருந்தேன், இப்போதும் நான்தான். என் நோட்டை ஒன்றேகால் மணிநேரம் வாசித்தேன். தங்கக்கனி அண்ணாச்சி கொட்டாவி விட்டுவிட்டு, "டீச்சரம்மா, ஆதி சபை இருக்கட்டும். நூறு வருஷமா நம்ம சபையிலே குடிச்சு எவன் கெட்டான்? ஒரு கரண்டி ரசம்" என்றார். அப்போதுதான் நான் சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பத்து வருஷமா உறங்குத ஒரு மிருகத்தை ஜாடிக்குப் பக்கத்திலே கட்டிப் போட்டிருக்கோம். அது முழிச்சா வீட்டிலே அடி வாங்கப்போறது நீங்க இல்லே" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே படியில் இவர் உட்கார்ந்திருந்தார். தினம் ஜாடி கிளற வருகிற நேரம் அது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன், உண்மை உண்மைதானே.

என்னை அவர் அடித்ததே இல்லை என்று தங்கக்கனி அண்ணாச்சி உங்களிடம் சொல்லியிருப்பார். ஆமாம், அடித்ததில்லை. நான் சொன்னது பொதுவாக.

ஏழுக்கு ஐந்து. தீர்மானம் நிறைவேறியது. ஈஸ்டரிலிருந்து சீயோன்விளையில் புளிக்காத ரசம். தயாரிப்பு: திருமதி வயலட் தவசிமணி. அன்று ராத்திரி இவர் ஜாடிச் சாவியைக் கொண்டுவந்து நான் திருத்துகிற பரீட்சைத் தாள்மேல் வைத்தார். "நல்லா ஜெயிச்சிட்டே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் ரசம் வைத்தேன். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை பதினைந்து கிலோ. வேகவைத்து, மசித்து, சர்க்கரை சேர்த்து, துணியில் வடிகட்டினேன். என்ன நிறம் தெரியுமா! செம்பருத்தி மாதிரி. ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். தேன். ஜாடியைக் கழுவி அதில் ஊற்றப் போகும்போது இவர் பின்னறை வாசலில் நின்று சொன்னார்.

"அந்த ஜாடியிலே ஊத்தாதே வயலட்டு. எட்டு வருஷமா அதுக்குள்ள இருந்தது கழுவினாப் போகாது. கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கிட்டிருக்கும். பாட்டிலை வெந்நீரிலே போட்டு எடு. சாறு கொதிக்கக் கொதிக்க அதிலே ஊத்து. உடனே மெழுகு வச்சு அடைச்சிரு. ஆறு மாசம் ஆனாலும் அசையாது."

புளிக்காமல் இருக்க எனக்கு அவர் வழி சொல்கிறார்! புளிக்கவைத்தே பழகிய கை! "உங்க கையும் படக்கூடாது, வாயும் படக்கூடாது, போங்க" என்றேன். போனார். ஜாடியில்தான் ஊற்றினேன். பின்னே? அந்த ஜாடியில் நல்லது நடக்கும் என்று சபை பார்க்க வேண்டாமா?

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பார்த்தேன். மூடித்துணி கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. அவிழ்த்தால் நுரை. காதை வைத்தேன். பேசிக்கொண்டிருந்தது, தம்பி. குமுகுமு என்று.

ஏழு பேர் எனக்குக் கை தூக்கியிருக்கிறார்கள். ஐந்து பேர் சிரிக்கக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த நாள் பெரிய வியாழன், அதற்கு அடுத்த நாள் பெரிய வெள்ளி. பதினைந்து கிலோ திராட்சைக்கு நான் எங்கே போவேன்? இவரிடம் கேட்டிருக்கலாம் என்பார்கள். கேட்டிருக்கலாம்தான். அதைவிட அந்த ஜாடிக்குள் விழுந்து செத்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். என் அப்பா இருபத்தொன்பது கலயத்துக்குச் செய்ததைச் செய்தேன். சுண்ணாம்பு. கடைத்தெருவில் வெற்றிலைக்காரியிடம் வாங்கி, ஒரு விரல் எடுத்துக் கரைத்து ஊற்றினேன். நுரை கொஞ்சம் அடங்கியது. வியாழக்கிழமை இன்னும் ஒரு விரல். வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தேன், ஓரத்தில் லேசாகக் குமிழி. ஒரு கரண்டி போட்டேன். நின்றுவிட்டது. முழுசாக நின்றுவிட்டது. இதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. புளிப்பு நின்றது. நான் ஜெயித்தேன்.

அந்த அறைக்கு மின்சாரம் கிடையாது. நிறம் பார்க்கவில்லை. திரும்பவும் ருசிபார்க்கவில்லை, எதற்குப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையே பார்த்தாயிற்றே. சனிக்கிழமை சாயங்காலம் பழைய மருந்துப் பாட்டில்கள், கறுப்பு நிறப் பாட்டில்கள் ஆறு, அவற்றில் அங்கேயே நிரப்பி மெழுகு வைத்து அடைத்தேன். வாசனை கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. புதுப் பாட்டில் என்று நினைத்தேன். பழைய பாட்டில் என்று இப்போதுதான் சொன்னேனோ? சரி, பாட்டில்.

ஜாடியைக் கழுவி மாதர் சங்கத்தின் பொறுப்பில் வைப்பதற்காக அன்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். பாட்டில்களைத் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுபோனது இவர். சைக்கிள் கேரியரில் கட்டி. அரை மைல். இதைக் கவனமாக எழுதுங்கள். அரை மைல் தூரத்துக்கு அந்தப் பாட்டில்கள் அவர் கையில் இருந்தன.

ஈஸ்டர் காலை. ஐயர் ஜெபம் சொல்லி, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினார். வெள்ளிக் கிண்ணத்துக்குள் எது ஊற்றினாலும் இருட்டாகத்தான் தெரியும். ஒவ்வொருவரும் வாய் வைத்ததும் விளிம்பை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கம். முதல் ஆள் தங்கக்கனி அண்ணாச்சி. முகம் கோணியது. நான் நினைத்தேன், வேண்டுமென்றே கோணுகிறார் என்று. இரண்டாவது ஆள் இருமினார். பத்தாவது, பதினோராவது ஆள் வரும்போது ஐயரின் கைத்துணியைப் பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன்.

பச்சை. கரும்பச்சை. பாசிக்குளத்தில் முக்கியெடுத்த மாதிரி.

ஐயரும் பார்த்தார். கை நின்றது. ஆனால் வரிசையில் பதினேழாவதாக முழங்காலில் இருந்தவர் ஏற்கெனவே முகத்தை நிமிர்த்திவிட்டார், ஐயருக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. இவர் வாங்கினார். குடித்தார். மற்ற பதினாறு பேரும் ஏதோ ஒரு விதத்தில் முகம் சுளித்தார்கள். இவர் சுளிக்கவில்லை. விழுங்கினார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, ஆண்கள் பக்கத்திலிருந்து நேராக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் நான் சொல்கிறேன். குற்றம் செய்தவன் பார்வை.

பந்தி நிறுத்தப்பட்டது. ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, ஐயரே முடிக்க வேண்டும் என்பது சட்டம். பாவம், நின்று முழுக் கிண்ணத்தையும் குடித்தார். மூன்று நாள் அவருக்குக் குரல் வரவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறு அதுவுமாகப் பாட்டுப் பாடாமலே சனம் வீட்டுக்குப் போனது.

மறுநாள் சாயங்காலம் கமிட்டி. இந்த முறை ஊரே ஜன்னலில். ஐயருக்குக் குரல் இல்லாததால் தங்கக்கனி அண்ணாச்சி கேட்டார். "டீச்சரம்மா, நாங்க ஒண்ணும் உங்களைத் தூக்கிலே போடப்போறதில்லே. என்ன போட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். திராட்சை போட்டேன், சர்க்கரை போட்டேன் என்றேன். உண்மைதானே, இரண்டும் போட்டேன். "வேறே?" என்றார். நான் என் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பயத்தினால் இல்லை. இவர்கள் கேட்கிற தோரணை பிடிக்கவில்லை.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து சத்தம் வந்தது. "அவளைக் கேக்காதீய. நான்தான் போட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பண்டகசாலைச் சட்டையோடு, தோளில் சாக்குத்தூசி.

"என்னத்தை வே போட்டீரு?" என்றார் அண்ணாச்சி.

"சுண்ணாம்பு. கொண்டுபோற வழியிலே."

"எதுக்கு?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "ஜாடியை எங்கிட்டேயிருந்து எடுத்துட்டீயள்லா" என்றார்.

அண்ணாச்சி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தவசிமணி, நெசமாச் சொல்லும். ஆறு பாட்டிலையும் திறந்து, போட்டு, திரும்ப மெழுகு வச்சு அடைச்சீரா? சைக்கிள்லே போகையிலேயா?"

"ஆமா."

"மெழுகுக்குத் தீப்பெட்டி?"

"வச்சிருந்தேன்."

"அட போவே" என்றார் அண்ணாச்சி. ஆனால் மற்றவர்கள் விடவில்லை. பழைய குடிகாரன், புத்தி போகாது, திருவிருந்தையே தீட்டாக்கிவிட்டான் என்று ஜன்னலில் சத்தம். இவர் அப்படியே நின்றார்.

இப்போது தம்பி, நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். நான் சுண்ணாம்பு போட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. கமிட்டியில் யாரும் சுண்ணாம்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. இவர் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. சுண்ணாம்பு என்று இவருக்கு எப்படித் தெரியும், இவரும் போட்டிருந்தால் ஒழிய? நான் போட்டது அளவாக. இவர் அதற்கு மேல் போட்டிருக்கிறார். அதனால்தான் கெட்டது. இது கணக்கு மாதிரி நேராக வருகிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவர் தம்பி மகள் பிரிசில்லா, அப்போது பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள், லீவுக்கு வந்தவள் ஒருநாள் சமையற்கட்டில் ஒரு தட்டில் திராட்சைத் தோலை நசுக்கி, அதில் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பொட்டு வைத்தாள். "பெரியம்மா, இங்கே பாருங்க" என்றாள். பச்சையாகிக்கொண்டு வந்தது. "யார் போட்டாலும், துளி போட்டாலும் இப்படித்தான் ஆகும், பெரியம்மா" என்றாள். அது பெட்டிக்கடைத் திராட்சை, கம்பத்துத் திராட்சை இல்லை என்று சொன்னேன். தட்டைக் கழுவி வைத்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அவள் சொல்கிறபடி வைத்துக்கொண்டால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கமிட்டியில் எழுந்து... விடுங்கள். அவள் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். போன் செய்வதில்லை.

கமிட்டி இவருக்குக் கொடுத்த தண்டனை: திருவிருந்து நிறுத்தம். கோயிலுக்கு வரலாம், பாடலாம், பிரசங்கம் கேட்கலாம், பந்திக்கு மட்டும் போகக் கூடாது. எதுவரை? செய்ததை ஒப்புக்கொண்டு தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கும்வரை. நாலு வரி போதும். ஊரில் எத்தனையோ பேர் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடினவன் எழுதிக்கொடுத்திருக்கிறான். ஒரு வாரத்தில் முடிகிற காரியம்.

நானே தாளும் பேனாவும் கொண்டுபோய் வைத்தேன். "எழுதுங்க, அடுத்த மாசம் பந்திக்கு வந்திரலாம்" என்றேன்.

தாளைப் பார்த்தார். "வாயாலே ஒரு தடவை சொல்லிட்டேன் வயலட்டு. அது போதும். கர்த்தர் பேரைப் போட்டு, அதுக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு எழுத மாட்டேன்."

"எல்லார் முன்னாலயும் சொன்னதைத்தானே எழுதச் சொல்லுதாங்க?"

"அதான் எழுத மாட்டேங்கேன்."

என்ன பிடிவாதம் பாருங்கள். செய்த தப்பைச் சொல்லத் தெரிகிறது, எழுதத் தெரியவில்லை.

எட்டு வருஷம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டும் பாடுவார். ஐயர் மேஜைத் துணியை விலக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நிற்பார், வெயிலோ மழையோ. பந்தி முடிந்து ஆசீர்வாதத்துக்கு உள்ளே வருவார். நான் முதல் வரிசை, திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமலே தெரியும், அந்தக் குரல் நிற்கிற இடம் தெரியும்.

சபை அதற்கப்புறம் பாட்டில் சாறு வாங்க ஆரம்பித்தது. கடையில் விற்கிறது, புளிக்காது, ஏதோ மருந்து போட்டிருக்கிறார்கள். அந்த வகையில் என் தீர்மானம் இன்றுவரை நிற்கிறது. மலரில் அதைப் போடுங்கள்.

ஜாடியும் போய், பந்தியும் போய், கட்டாயம் பழைய வழிக்குப் போவார் என்று நான் தயாராக இருந்தேன். தினம் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி வாயை முகர்ந்து பார்ப்பேன். வாயைத் திறந்து காட்டுவார், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி. எட்டு வருஷம் முகர்ந்தேன். ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு தந்திரம்.

2004 ஜூலையில் படுத்தார். சிறுநீரகம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. அப்போது வந்திருந்தவர் புது ஐயர், சின்ன வயசு, பழைய கதை அரைகுறையாகத் தெரியும். பந்திப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார், அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஐயா, கடிதமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வரி நான் எழுதிக் கொண்டாந்திருக்கேன். 'என் குற்றத்தை மன்னிக்கவும்.' ஒரு கீறல் போடுங்க, இப்பவே தாரேன்" என்றார்.

இவருக்கு அப்போது பேச்சு குறைந்துவிட்டது. தாளைத் தொட்டார். தள்ளிவிட்டார். பெட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், தம்பி. பசித்த பிள்ளை பார்க்கிற மாதிரி.

ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ யாருதான் ஐயா எழுதணும்?" என்றார்.

இவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. தாகம் என்று நினைத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தார். ஐயர் பெட்டியைப் பூட்டினார்.

2004 ஆகஸ்ட் 11, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு அடக்கம். திருவிருந்து நிறுத்தப்பட்டவர் என்பதால் சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோகச் சபை ஒழுங்கில் இடமில்லை. வாசற்படிக்கு வெளியே வைத்து ஜெபம் செய்தார்கள். அதற்கான கமிட்டித் தீர்மானம் முந்தின நாள் சாயங்காலம் எழுதப்பட்டது. செயலாளர் என்ற முறையில் அதில் கையெழுத்துப் போட்டது நான்.